முதலாளிக்குச் சட்டம் படிப்பித்த வைத்தியர்

சுவிசிலே எங்கடை ஆக்கள் நடத்துகிற பலசரக்குக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், துப்புரவு வேலை எடுத்துச் செய்கிற சிறு கொம்பனிகள் எல்லாம் இப்போது எத்தனையோ வந்துவிட்டன. எண்பதுகளில் அகதியாக வந்து ஹொட்டல் குசினியில் கோப்பை கழுவத் தொடங்கிய சனம், இன்றைக்கு நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற நிலைக்கு வந்திருப்பது பெருமையான விசயந்தான். ஆனால் முதலாளி ஆனதோடு ஒரு புதுப் பயமும் கூட வந்து சேர்ந்துவிட்டது. "கொன்ரோல் வருதாம்" என்று ஒருத்தர் ரெலிபோனில் சொன்னால் போதும், அந்த வட்டாரத்தில் உள்ள எங்கடை கடைகள் முழுக்கக் கலவரப்பட்டுப் போகும். வருகிறவர் பொலிஸ் அல்ல, கன்ரோனின் தொழில் பரிசோதகர் என்று சொன்னாலும் அந்தப் பயம் போகாது. கேள்வி கேட்க வாற ஆளுக்குப் பயந்தே வளர்ந்த சனம் நாங்கள்.

இந்தப் பரிசோதகர் என்ற உத்தியோகம் இந்த நாட்டில் எப்படி உண்டானது, முதலில் வந்தவர்கள் முதலாளிமாரோடு எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைப் பற்றி இந்தச் சித்திரை மலருக்கு எழுதலாம் என்று நினைத்தேன். நான் ஏ.எல். வரைக்குந்தான் படித்தவன். அதுவும் கணிதப் பிரிவு, சரித்திரம் என் பாடம் அல்ல. வேலை செய்வது ஓர் உலோகத் தொழிற்சாலையில். எட்டரை மணித்தியாலம் நான் நிற்கிற மெசினைச் சுற்றி ஒரு கம்பி மறைப்பு இருக்கிறது. அந்த மறைப்பைத் திறந்தால் மெசின் தானாகவே நின்றுவிடும். இதை யார் முதலில் யோசித்தது, எந்த முதலாளி தன் காசைச் செலவழித்து இதைப் போட ஒத்துக்கொண்டான் என்று தேடப்போய்த்தான் கிளாரூஸ் கன்ரோனுக்கும் ஒரு வைத்தியருக்கும் வந்து சேர்ந்தேன்.

சூரிச்சிலிருந்து ரெயினில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் கிளாரூஸ் போய்விடலாம். இரண்டு பக்கமும் மலை, நடுவிலே லின்ட் ஆறு ஓடுகிற ஒடுங்கின பள்ளத்தாக்கு. விவசாயத்துக்குப் பெரிதாக நிலம் இல்லை. ஆனால் விழுந்து ஓடுகிற தண்ணீர் இருந்தது. அந்தத் தண்ணீரால் சில்லைச் சுழற்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆற்றங்கரை நெடுகிலும் பருத்தி நூற்பாலைகளும் சீலைக்கு அச்சுப்பதிக்கிற சாலைகளும் எழும்பின. அங்கே அச்சடித்த சிவப்புத் துணிகள் துருக்கி வரைக்கும் கீழைத் தேசங்கள் வரைக்கும் போயின. யாவாவின் பற்றிக் துணியைப் பார்த்து அதேமாதிரி அச்சடித்து யாவாவுக்கே திருப்பி அனுப்பி விற்றார்கள் என்றால் அவர்களுடைய வியாபாரக் கெட்டித்தனத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1837இல் அந்தக் கிளாரூசில் ஒரு மணியால் பிரச்சினை வந்தது. அச்சுப்பதிக்கிற தொழிலாளர்கள் அதுவரைக்கும் துண்டுக் கணக்கில் வேலை செய்தவர்கள். எத்தனை துணி முடித்தார்களோ அத்தனைக்குக் கூலி. வருகிற நேரமும் போகிற நேரமும் தங்கள் விருப்பம். ஒரு முதலாளி தன் சாலையில் மணி ஒன்றைக் கட்டி, மணி அடித்தால் உள்ளே வரவேண்டும், மணி அடித்தால்தான் போகலாம் என்று சொன்னார். தொழிலாளர் வேலையை நிறுத்திவிட்டார்கள். சுவிசின் ஆரம்பகால வேலைநிறுத்தங்களில் ஒன்று இது. கூலி கூட்டிக் கேட்டு நடந்தது அல்ல, மணிக்கு எதிராக நடந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கள், பிறகு இந்த விசயத்துக்குத் திரும்ப வருவேன்.

மணி வந்துவிட்டது, அதோடு நீண்ட வேலைநாளும் வந்துவிட்டது. பிள்ளைகளும் நூற்பாலைக்குள் போனார்கள். இதைப் பார்த்துப் பேசத் தொடங்கியவர்களில் ஒருவர் லின்தால் கிராமத்துப் பாதிரியார் பேர்ன்ஹார்ட் பெக்கர். கிளாரூசில் லான்ட்ஸ்கெமைன்ட என்று சொல்லுகிற திறந்தவெளி மக்கள் சபை ஒன்று உண்டு. வருடத்தில் ஒருநாள் ஊர்ச் சனம் வளையமாக நின்று கையை உயர்த்திச் சட்டம் போடுவார்கள். இன்றைக்கும் அது நடக்கிறது. 1864இல் அந்தச் சபையில் ஒரு தொழிற்சாலைச் சட்டம் கொண்டுவரப்பட்டு நிறைவேறியது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை இல்லை, இரவு வேலை இல்லை, பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகளுக்கு ஆலையில் இடம் இல்லை. இங்கிலாந்துச் சட்டங்கள் அந்தக் காலத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுந்தான் நேர எல்லை வைத்திருந்தன. இந்தச் சின்னக் கன்ரோன் வளர்ந்த ஆண்களுக்கும் வைத்தது. முதலாளியும் தொழிலாளியும் ஒரே வளையத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் நின்று கை உயர்த்தித்தான் இது முடிவானது. 1872இல் அதையே பதினொரு மணித்தியாலமாகக் குறைத்தார்கள்.

அங்கே மொல்லிஸ் என்ற ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர்தான் பிரிடொலின் சூலர். 1832இல் பிறந்தவர். ஆலைத் தொழிலாளரின் இருமலையும் வெளிறிப்போன பிள்ளைகளையும் ஒவ்வொரு நாளும் பார்த்தவர். கன்ரோன் சட்டத்தின் கீழ் ஆலைகளைப் போய்ப் பார்க்கிற பொறுப்பும் அவருக்கு இருந்தது. அதாவது நோய் தன்னிடம் வரும்வரை காத்திராமல், நோய் உண்டாகிற இடத்துக்கே போய்ப் பார்த்துப் பழகியவர்.

1874இல் சுவிஸ் தன் அரசியல் யாப்பைத் திருத்தியபோது, தொழிற்சாலை வேலை பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரம் சமஷ்டி அரசுக்குக் கிடைத்தது. 1877 மார்ச்சில் சட்டம் வந்தது. எதிர்த்தவர்கள் கையெழுத்துச் சேர்த்து அதை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். 1877 ஒக்ரோபர் 21ஆம் திகதி வாக்கெடுப்பு. ஆம் என்று 181,204 பேர், இல்லை என்று 170,857 பேர். பத்தாயிரத்துச் சொச்ச வாக்கால் வென்ற சட்டம். பணக்காரர் எல்லாம் எதிர்த்தார்கள், ஏழைகள் எல்லாம் ஆதரித்தார்கள் என்று நினைக்கவேண்டாம். நேரம் குறைந்தால் கூலியும் குறையுமே என்று பயந்த தொழிலாளரும் இருந்தார்கள். வாக்குப் போட்டவர்கள் ஆண்கள் மட்டுந்தான். சட்டத்தில் பெண்களைப் பற்றி எத்தனையோ வரிகள் இருந்தும், அந்தப் பெண்களுக்குச் சமஷ்டி வாக்குரிமை கிடைத்தது 1971இல்.

அந்தச் சட்டத்தின் வாசகத்தைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள். நாளுக்குப் பதினொரு மணித்தியாலம், சனிக்கிழமையும் பெருநாளுக்கு முதல்நாளும் பத்து. பதினாலு வயதுக்குக் கீழே பிள்ளைகள் வேலை செய்யக்கூடாது. சம்பளம் குறைந்தது இரண்டு கிழமைக்கு ஒருமுறை, காசாக, ஆலையில் வைத்தே கொடுக்கவேண்டும். தன் கடையில் சாமான் வாங்கு என்று துண்டு எழுதிக் கொடுக்கேலாது. தொழிலாளியிடம் அறவிடுகிற தண்டம் அரைநாட் கூலியைத் தாண்டக்கூடாது. அந்தத் தண்டக் காசும் முதலாளியின் பைக்குள் போகாமல் தொழிலாளரின் நன்மைக்கே செலவாகவேண்டும். ஆலையின் ஒழுங்குவிதிகளைக் கன்ரோன் பார்த்து அங்கீகரிக்கவேண்டும். அங்கீகரிக்க முன்னம் அதைப் பற்றித் தொழிலாளர் தங்கள் கருத்தைச் சொல்ல இடம் கொடுக்கவேண்டும். பிறகு பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி கொடுக்கவேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல்நாள் எனக்குத் தந்த அந்தச் சின்னப் புத்தகத்தின் பூட்டன் இதுதான்.

மணி விசயத்துக்கு வருகிறேன். வேலைநேரம் ஊர்ப் பொது மணிக்கூட்டின்படி நடக்கவேண்டும், அந்த நேரத்தை உள்ளூர் அதிகாரிக்கு அறிவிக்கவேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்தக் காலத் தொழிலாளியிடம் கைமணிக்கூடு இல்லை. ஆலைக்குள் தொங்குகிற மணிக்கூடு முதலாளியுடையது. அது காலையில் கொஞ்சம் முந்தி ஓடி, பின்னேரத்தில் கொஞ்சம் பிந்தி ஓடினால் யார் கேட்பது? கோயில் கோபுரத்து மணிக்கூட்டை யாராலும் திருப்ப முடியாது. நாற்பது வருசத்துக்கு முன்னம் மணிக்காக வேலையை நிறுத்தியவர்களுக்கு இந்த ஒருவரி பிந்தி வந்த பதில் என்றுதான் நான் எடுத்துக்கொள்ளுகிறேன். இப்போது நாங்கள் காட்டைத் தட்டி உள்ளே போகிறோம், மெசின் நேரத்தை அடித்துவிடுகிறது. காட்டுத் தட்டுவது எங்களைக் கண்காணிக்க என்று வேலையிடத்தில் புறுபுறுப்பார்கள். நேரத்தை எழுதி வைக்கவில்லை என்றால் நட்டப்படுகிறவன் யார் என்பதை ஒருக்கால் யோசித்துப் பார்த்தால் நல்லது.

சட்டம் வந்துவிட்டது. இனி அதை நடைமுறைப்படுத்துவது யார்? இங்கிலாந்து 1833ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முழு நாட்டுக்கும் நாலு பரிசோதகர்களைப் போட்டிருந்தது. சுவிஸ் 1878இல் மூன்று பேரைப் போட்டது. அதில் ஒருவர் சூலர். அவருக்குக் கிழக்குப் பக்கத்துக் கன்ரோன்கள் கிடைத்தன. சூரிச், கிளாரூஸ், சென்ற் காலன் என்று துணித் தொழிற்சாலை நிறைந்த பகுதி. அவர் கையில் இருந்த அதிகாரம் என்ன என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. சட்டத்தை நிறைவேற்றுவது கன்ரோன் அரசின் வேலை. தண்டம் போடுவது உள்ளூர் நீதிமன்றத்தின் வேலை. அந்தத் தண்டமும் ஐந்து பிராங்கில் தொடங்கி ஐந்நூறு பிராங் வரைக்கும். திரும்பத் திரும்ப மீறினால்தான் மூன்று மாதம் வரை மறியல். உள்ளூர் நீதவான் பலவேளை ஆலை முதலாளியின் அயலவன், சிலவேளை சொந்தக்காரன். ஆகவே சூலர் செய்யக்கூடியது போய்ப் பார்ப்பது, கேட்பது, விளங்கப்படுத்துவது, கன்ரோனுக்கு எழுதுவது, பேர்ணுக்கு அறிக்கை கொடுப்பது. அவ்வளவுதான்.

அதிலே அவர் மிகுதியாகச் செய்தது விளங்கப்படுத்தல். முதலாளிமாரில் எத்தனையோ பேருக்கு இந்தச் சட்டம் தங்களுக்கா இல்லையா என்பதே விளங்கவில்லை. வீட்டுக்கு வெளியே மூடிய இடத்தில் ஒரே நேரத்தில், ஒழுங்காக, "ஒரு தொகை" தொழிலாளர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்றுதான் முதலாம் பிரிவு சொன்னது. ஒரு தொகை என்றால் எத்தனை? மூன்றா, முப்பதா? பதினைந்து பேரை வைத்து மரவேலை செய்கிறவன் "இது பட்டறை, தொழிற்சாலை அல்ல" என்று சொன்னால் அவன் பொய் சொல்கிறான் என்றும் சொல்லேலாது. இப்படியான கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகத் தீர்வு தேடவேண்டி இருந்தது. கடைசியில் 1891இல்தான் தெளிவான எல்லை வைத்தார்கள். இயந்திர சக்தி உள்ள இடம், பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் வேலை செய்கிற இடம், ஆபத்தான வேலை நடக்கிற இடம் என்றால் ஐந்து பேருக்கு மேல். மற்ற இடங்களுக்குப் பத்துப் பேருக்கு மேல். அதாவது சட்டம் வந்து பதினாலு வருசம் அதற்கு யார் கட்டுப்படவேண்டும் என்ற கேள்வி முழுதாகத் தீரவில்லை. சட்டம் எழுதுகிறவர்கள் ஒரு சொல்லை மொட்டையாக விட்டால், அதன் பாரத்தை வீடு வீடாகப் போகிற பரிசோதகர்தான் சுமக்கிறார்.

அடுத்தது, பதினொரு மணித்தியாலத்தால் உற்பத்தி விழுந்து பிறநாட்டானோடு போட்டி போட முடியாமல் போகும் என்ற பயம். நியாயமான பயந்தான். பன்னிரண்டில் ஒன்றைக் குறைத்தால் துணியிலும் பன்னிரண்டில் ஒன்று குறையும் என்பது நாலாம் வகுப்புக் கணக்கு. ஆனால் கிளாரூசில் 1872ஆம் ஆண்டிலிருந்தே பதினொரு மணித்தியாலம் நடந்துகொண்டிருந்தது, அங்கே ஆலைகள் மூடப்படவில்லை. கடைசி மணித்தியாலத்தில் களைத்துப்போன கை எவ்வளவு நூலை அறுக்கும், எவ்வளவு துணியைப் பழுதாக்கும் என்பது ஆலைக்குள் நின்றவனுக்குத் தெரியும். நேரம் குறைந்த அளவுக்கு உற்பத்தி குறையவில்லை என்பதை அனுபவத்தில் காட்டினார்கள். 1891இல் சூலர் இதைப் பற்றியே தனியாக ஒரு கட்டுரை எழுதினார். முதலாளியோடு கருணையைப் பற்றிப் பேசினால் அவர் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கணக்கைப் பேசினால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்பார். இது எனக்கு இவ்வளவு வருச வேலையில் தெரிந்த விசயம். சூலருக்கு நூற்று நாற்பது வருசத்துக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

வைத்தியர் என்றபடியால் சூலர் காற்று, தூசி, வெளிச்சம், சாப்பாடு எல்லாவற்றையும் பார்த்தார். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிற அல்லது சாப்பாடு வந்து சேருகிற தொழிலாளருக்கு, வேலை செய்கிற அறைக்கு வெளியே, குளிர்காலத்தில் சூடாக்கிய ஓர் இடம் கொடுக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது. நாங்கள் மத்தியானம் மைக்ரோவேவில் சோறு சூடாக்கிச் சாப்பிடுகிற அறைக்கு அதுதான் தொடக்கம். அந்த அறையில் அன்றைய சனம் என்ன சாப்பிட்டது என்றும் சூலர் பார்த்தார். உருளைக்கிழங்கு, சிக்கோரி கலந்த கோப்பி, அதோடு சாராயம். இறைச்சி வாங்கக் காசு இல்லை, சமைக்கத் தாய்க்கு நேரம் இல்லை. பருப்பு வகைகளில் இறைச்சிக்கு ஈடான சத்து மலிவாக உண்டு என்று 1882இல் சுவிஸ் பொதுநலச் சங்கத்தில் எடுத்துச் சொன்னார். எங்கடை ஊரில் எந்தக் கிழவியும் இதைச் சொல்லியிருப்பாள். ஆனால் சூலரின் பேச்சுக்குப் பிறகு அந்தச் சங்கம், வின்ரத்தூருக்குப் பக்கத்தில் கெம்ப்தாலில் மாவாலை வைத்திருந்த யூலியுஸ் மாகியோடு சேர்ந்தது. கடலை, பயறு போன்றவற்றை மாவாக்கி, கெதியாகச் சமைக்கக்கூடியதாக அவர் செய்தார். 1886இல் மாகியின் சூப்புகள் சந்தைக்கு வந்தன. இன்றைக்கு எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்கிற மாகிப் பெட்டியின் பெயர் அவருடையதுதான். ஆலைத் தொழிலாளியின் சாப்பாட்டுக் கோப்பையை ஒரு பரிசோதகர் எட்டிப் பார்த்ததில் தொடங்கிய கதை அது.

1889இல் சூலரும் அல்பிரெக்ட் பூர்க்கார்ட் என்ற வைத்தியரும் சேர்ந்து சுவிஸ் தொழிற்சாலைத் தொழிலாளரின் உடல்நிலை பற்றிப் பெரிய ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டார்கள். எந்த வேலை எந்த நோயைக் கொண்டுவருகிறது என்று எண்ணிக் கணக்கெடுத்துப் பார்த்த வேலை. முதலாளியிடம் போகும்போது கையில் வெறும் சட்டப் புத்தகம் மட்டும் இல்லாமல் இப்படியான கணக்கும் இருந்தது.

இதை எல்லாம் வைத்து, விளங்கப்படுத்தினால் எல்லா முதலாளியும் திருந்திவிடுவான் என்று எழுதினால் அது பொய். நெருப்புப்பெட்டிக் கதையைச் சொல்லவேண்டும். பேர்ண் கன்ரோனில் புருற்றிகன் என்ற மலைப் பள்ளத்தாக்கு. வறுமைப்பட்ட சனம். அங்கே நெருப்புக்குச்சி செய்தார்கள். குச்சியின் தலையில் வைக்கிற மஞ்சள் பொஸ்பரசின் ஆவி பல்லுச் சூத்தைக்குள்ளால் போய்த் தாடை எலும்பை அழுகப் பண்ணும். முகமே கோணிப்போகும், சிலர் செத்தும் போனார்கள். காற்றோட்டம் வை, கை கழுவ வை, சூத்தைப் பல்லுக்காரரை வேலைக்கு எடுக்காதே என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். கேட்டால் செலவு. 1879இல் அந்தப் பொஸ்பரசைத் தடைசெய்தார்கள். உடனே ஒளித்துச் செய்யத் தொடங்கினார்கள், பதிலாக வந்த புதுக் குச்சிகளும் தரம் கெட்டவை. சனம் முறைப்பாடு. 1882இல் தடையையே எடுத்துவிட்டார்கள். திரும்ப 1898இல் தடை வரும்வரை இன்னும் பதினாறு வருசம் தாடைகள் அழுகின. 1906இல் பேர்ணில் கூடிய நாடுகள் சேர்ந்து இந்தப் பொஸ்பரசுக்கு எதிராக ஓர் உடன்படிக்கை செய்தன. சொல்லிக் கேளாத இடம் என்று ஒன்று உண்டு. அங்கே தடைதான் வேண்டும். அந்தத் தடையைப் பயந்து திரும்ப எடுத்தது பிழை என்றுதான் நான் சொல்லுவேன்.

இன்னொரு ஓட்டை சென்ற் காலன் பக்கம். அங்கே தையல் மெசினால் பூவேலை செய்கிற தொழில். ஆலைக்குப் பதினொரு மணித்தியாலம் என்று சட்டம் வந்ததும், மெசின்கள் ஒவ்வொன்றாக ஆலையை விட்டு வீடுகளுக்குப் போயின. வீட்டுக்குச் சட்டம் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து இரவிரவாக ஊசியில் நூல் கோத்தார்கள். அது குடும்ப வேலை, யாரும் கேட்கேலாது. இந்த இடத்தை எங்கடை கடைக்காரர் கொஞ்சம் ஆறுதலாக வாசிக்கவேண்டும்.

சட்டம் போகாத இன்னொரு இடம் மலைக்குள் இருந்தது. கோத்தார்ட் சுரங்கத்தைத் தோண்டியவர்கள் பெரும்பாலும் இத்தாலியிலிருந்து வந்த கூலிகள். 1875 யூலையில் கோஷெனனில் அவர்கள் வேலையை நிறுத்தியபோது சுட்டார்கள், நாலு பேர் செத்தார்கள். இரண்டு வருசத்துக்குப் பிறகு சட்டம் வந்தபோதும் அது தொழிற்சாலைக்குத்தான் வந்தது. பிறநாட்டான் செய்கிற வேலையைச் சட்டம் பிந்தித்தான் எட்டிப் பார்க்கும் என்பது எங்களுக்குப் புதிய செய்தி அல்ல.

பெண்கள் விசயத்தில் நடந்தது எல்லாவற்றிலும் கவலையானது. 1877ஆம் ஆண்டுச் சட்டம் பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக எட்டுக் கிழமை ஒரு பெண்ணை ஆலைக்குள் விடக்கூடாது என்றது. பிள்ளை பிறந்து ஆறு கிழமை கழிந்தது என்று காட்டினால்தான் திரும்ப வரலாம். அந்தக் காலத்துக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்த எட்டுக் கிழமைக்குக் கூலி இல்லை. முதலாளி சட்டத்துக்கு முழுக்கக் கட்டுப்பட்டு நடக்க, தாய் பசியோடு வீட்டில் இருந்தாள். தாய்மைக் காப்புறுதி வேண்டும் என்று 1945இல் அரசியல் யாப்பில் எழுதினார்கள். அது நாடு முழுவதற்குமான சட்டமாக 2004 செப்ரெம்பர் வாக்கெடுப்பில் வென்று, 2005 யூலை முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. பதினாலு கிழமை, சம்பளத்தின் எண்பது வீதம். எங்கடை இலங்கையில் தோட்டத்திலும் ஆலையிலும் வேலை செய்கிற பெண்களுக்கு முதலாளி பிரசவகாலக் கொடுப்பனவு கொடுக்கவேண்டும் என்று 1939இலேயே ஒரு சட்டம் வந்திருந்தது. தோட்டத்தில் அது எப்படி நடந்தது என்பது வேறு கதை. என்றாலும் வருசத்தைப் பார்க்கும்போது ஒரு மனிதன் ஒருக்கால் நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

சூலர் 1902 வரைக்கும் பரிசோதகராக இருந்தார், அடுத்த வருடம் காலமானார். அவருக்குப் பிறகு சட்டம் வளர்ந்துகொண்டே வந்தது. 1918இல் லுசேர்னில் விபத்துக் காப்புறுதி நிறுவனமான சுவா தொடங்கியது. தொழிற்சாலையில் கை போனால் முதலாளியோடு வழக்காடித் திரிகிற காலம் அதோடு மாறியது. 1919இல் நாற்பத்தெட்டு மணித்தியாலக் கிழமை வந்தது. இப்போது உள்ள தொழிற்சட்டம் 1964இல் இயற்றப்பட்டு 1966இல் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைக்கு வெளியே கடை, ஹொட்டல் எல்லாவற்றையும் பிடித்தது அதுதான்.

இதற்கிடையில் ஜெனீவாவில் சர்வதேசத் தொழில் நிறுவனம் 1947இல் 81ஆம் இலக்க உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. தொழில் பரிசோதகரின் கடமைகள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. சட்டத்தை நிறைவேற்றுவது ஒரு கடமை. அதற்கு அடுத்ததாக, சட்டத்துக்கு எப்படிச் சரியாகக் கட்டுப்படலாம் என்று முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தகவலும் ஆலோசனையும் கொடுப்பது இன்னொரு கடமை. சூலர் கிளாரூஸ் பள்ளத்தாக்கில் செய்ததைத்தான் எழுத்தில் வைத்திருக்கிறார்கள். சுவிஸ் இதை 1949இல் ஏற்றுக்கொண்டது, இலங்கை 1956இல் ஏற்றுக்கொண்டது. ஆகவே எங்கடை கடைக்கு வாறவரிடம் "இதை எப்படிச் செய்யவேணும்" என்று கேட்பது அவருக்குக் கரைச்சல் கொடுப்பது அல்ல. பதில் சொல்லுவது அவருடைய வேலை. அவர் வரமுன்னமே கன்ரோனின் தொழில் பரிசோதனைக் கந்தோருக்கு எழுதியும் கேட்கலாம்.

கேட்காமல் விட்டதால் வருகிற பிரச்சினைகளைத்தான் நான் கூடுதலாகக் காண்கிறேன். வேலை செய்த நேரத்தை எழுதி வைப்பதில்லை. அந்தப் பதிவை ஐந்து வருசம் வைத்திருக்கவேண்டும் என்பது தெரியாது. தொழிற்சாலைக்கும் கந்தோர் வேலைக்கும் கிழமைக்கு நாற்பத்தைந்து மணித்தியாலம், சின்னக் கடை போன்ற மற்றப் பல இடங்களுக்கு ஐம்பது என்று சட்டத்தின் உச்ச எல்லை இருக்கிறது. சாப்பாட்டுக் கடைக்கு அதற்கு மேலாலே தொழிற்சங்கங்களோடு செய்த கூட்டு ஒப்பந்தமும் உண்டு. 2008இல் களவு வேலைக்கு எதிரான சட்டம் வந்த பிறகு கொன்ரோலும் கூடியிருக்கிறது. ஊரிலிருந்து வந்த பெடியன், போக இடம் இல்லாமல் சொந்தக்காரரின் கடையில் நிற்பான். காலை எட்டிலிருந்து இரவு பத்து வரை. "அவன் எங்கடை பிள்ளை, சம்பளம் என்று ஒரு கணக்கா" என்று சொல்லுவினம். அந்தப் பிள்ளை சுகமில்லாமல் படுத்தாலோ, விசாவுக்குச் சம்பளத் துண்டு கேட்டாலோதான் கணக்கு இல்லாததன் பாரம் தெரியும். அவனுக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஓர் அண்ணை கடை வைத்திருக்கிறார். குடும்பக் கடைக்குச் சட்டம் இல்லை என்று யாரோ சொல்லக் கேட்டு, தன் கடையில் நிற்கிறது எல்லாம் குடும்பந்தானே என்று நிம்மதியாக இருந்தவர். மனைவி, மகள், இரண்டு மருமக்கள், பெறாமகன் ஒருவன். பரிசோதகர் வந்தபோது அதையே சொல்லியிருக்கிறார். வந்த மனுசி கோபிக்கவில்லை. ஒரு கடதாசி எடுத்து, மேலே அண்ணையின் பெயரை எழுதி, கீழே கோடு இழுத்து ஒவ்வொருவராக யாருடைய பிள்ளை என்று கேட்டிருக்கிறார். மனைவி, மகள், மகளின் புருசன் மூவரையும் ஒரு வட்டத்துக்குள் போட்டார். அவர்கள் குடும்பம், தொழிற்சட்டம் அவர்களுக்கு வராது. அக்காவின் மகனையும் தம்பியின் மகனையும் வட்டத்துக்கு வெளியே எழுதினார். மேலும் கீழுமாகப் போகிற நேர்வழிச் சொந்தமும் அவர்களைக் கட்டினவர்களுந்தான் சட்டத்தில் குடும்பம். பக்கவாட்டில் போகிற சொந்தம் தொழிலாளி. எங்களுக்கு இரண்டு பேரும் மருமகன்தான், தமிழில் ஒரே சொல். ஒருவனுக்கு நேரம் எழுதத் தேவையில்லை, மற்றவனுக்கு எழுதவேண்டும், ஓய்வுநாள் கொடுக்கவேண்டும், ஐந்து வருசம் பதிவு வைத்திருக்கவேண்டும். ஒரு மாதத் தவணை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அண்ணை அடுத்த நாளே ஒரு கொப்பி வாங்கினார். முதல் பக்கத்தில் அந்தக் கடதாசியை ஒட்டி வைத்திருக்கிறார்.